ஆங்கிலச் சொல்லும் லத்தீன் வேரும்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக உருப்போடாமல் லத்தீன் வேரைப் பிடித்துப் படித்துப் பாருங்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி "எப்படி?" என்று கேட்கின்றன, மீதி "முயன்று பார்த்தேன், எனக்குச் சரிப்பட்டு வரவில்லை" என்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். வேர்ச்சொல் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு தினம் பத்து வேர் என்று மனப்பாடம் செய்தேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. வேர் நினைவில் இருக்கிறது, சொல் நினைவில் இல்லை. எங்கே தப்பு?

வரிசையில்தான் தப்பு. வேரை முதலில் படித்துவிட்டு அப்புறம் சொல்லைத் தேடிப் போகிறீர்கள். சொல் முதலில் வரவேண்டும். 'ஸ்பெக்' என்றால் பார்த்தல் என்று தனியாக எழுதி வைத்தால் அது இன்னொரு அந்நியச் சொல், அவ்வளவுதான். மனத்தில் ஒட்டிக்கொள்ள அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குங்கள். இன்ஸ்பெக்டர் தெரியும். ரெஸ்பெக்ட் தெரியும். சஸ்பெக்ட், துப்பறியும் கதை படித்த எல்லோருக்கும் தெரியும். மூன்றுக்குள்ளும் ஒரே துண்டு உட்கார்ந்திருக்கிறதே, கவனித்தீர்களா? லத்தீனில் அதற்குப் பார்ப்பது என்று பொருள். 'இன்' உள்ளே, ஆக உள்ளே புகுந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். 'ரீ' திரும்ப, கடந்து போகிறவரை நின்று திரும்பிப் பார்க்க வைப்பது எதுவோ அது ரெஸ்பெக்ட். 'சப்' கீழே, ஒருவரை நேராகப் பார்க்காமல் கீழ்க்கண்ணால் பார்த்தால் அது சஸ்பெக்ட்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். 'பார்' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு நாம் என்னவெல்லாம் செய்திருக்கிறோம்! பார்வையாளர், மேற்பார்வை, எதிர்பார்ப்பு. லத்தீன் பேசியவர்கள் செய்ததும் இதே வேலைதான். பார்வையாளர் ஸ்பெக்டேட்டர். எதிர்பார்ப்பது எக்ஸ்பெக்ட்: 'எக்ஸ்' வெளியே, வருகிறவர் வருகிறாரா என்று வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பது. அந்தச் சொல்லில் ஸ்பெக்ட்டின் எஸ் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். எக்ஸ் என்ற எழுத்தின் ஒலியிலேயே ஒரு எஸ் இருக்கிறது, அதனால் பின்னால் வந்த எஸ் நாளடைவில் எழுத்திலிருந்தும் விழுந்துவிட்டது. மேற்பார்வைக்கு மட்டும் வேறு வினை, 'வீடியோ' என்பது எதிலிருந்து வந்ததோ அது. வீடியோ என்றால் லத்தீனில் 'நான் பார்க்கிறேன்'. சூப்பர் மேலே, விஷன் பார்வை, சூப்பர்விஷன் மேற்பார்வை. துண்டுக்குத் துண்டு பொருந்துகிறது.

இப்படி ஏழெட்டுச் சொல் கையில் இருக்கும்போது ரெட்ரோஸ்பெக்ட் என்று ஒன்று புதிதாக வந்தால் உங்களுக்கு வேலை பாதிதான். 'ரெட்ரோ' பின்னோக்கி. நடந்ததைப் பின்னோக்கிப் பார்ப்பது. அதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை, ஏற்கெனவே கூடியிருக்கும் குடும்பத்தில் ஒரு ஆளாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் மனப்பாடம் செய்த வேர்களை வீணென்று தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று சொல்லை எழுதிப் பாருங்கள். மூன்று தேறாத வேரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: எத்தனை வேர் தெரிந்தால் போதும்? எப்படிக் குறித்து வைப்பது?

என் கணக்கில் 30 வேர், 15 முன்னொட்டு. அதற்கு மேல் தானாக வரும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், படிக்கும்போது அந்தக் குடும்பத்துச் சொல் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தில் ஏற்றுங்கள். ஒரே நாளில் நிரப்பாதீர்கள், அது மறுபடி பட்டியலாகிவிடும்.

என் நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் 'வெர்ட்', சில சொற்களில் 'வெர்ஸ்' என்று வரும், திருப்புவது என்று பொருள். முதலில் இருந்தவை கன்வெர்ட், ரிவர்ஸ் இரண்டும்தான். அப்புறம் ஒருநாள் அட்வர்டைஸ்மென்ட் வந்தது: நம் கவனத்தைத் தன் பக்கம் திருப்புவது. டைவர்ஸ், ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வது. ஆட்டத்தில் இரண்டு அணிப் பெயர்களுக்கு நடுவில் போடுகிறோமே வெர்சஸ், அது ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பி நிற்பது. ஆனிவர்சரியில் 'ஆன்' ஆண்டு, வருஷா வருஷம் திரும்பி வரும் நாள். கடைசியாக ஏறியது வெர்ஸ், அதாவது செய்யுள் அடி. அதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு எதுவும் படிக்க மனம் வரவில்லை. உழுகிறவர் ஒரு சால் ஓட்டி முடித்து, வரப்போரம் ஏரைத் திருப்பி, அடுத்த சாலைத் தொடங்குகிறார். அந்தத் திருப்பத்துக்கும் சாலுக்கும் லத்தீனில் இருந்த பெயர்தான், எழுதுகிறவர் ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்குத் திரும்புவதற்கும் வந்து, பிறகு வரிக்கே பெயராகிவிட்டது.

கேள்வி: அக்காமடேட் என்ற சொல்லில் எத்தனை சி, எத்தனை எம் என்று எப்போதும் குழப்பம். எழுத்துப் பிழைக்கும் வேர் உதவுமா?

பிழைக்குத்தான் அதிகம் உதவும். பொருளைக் கூட இடம் பார்த்து ஊகித்துவிடலாம், எழுத்தை ஊகிக்க முடியாது. தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. பள்ளியில் புணர்ச்சி படித்திருக்கிறோம். மரம், கள் இரண்டும் சேர்ந்தால் மரங்கள். கல்லும் சிலையும் சேர்ந்தால் கற்சிலை. பின்னால் வரும் எழுத்துக்குத் தக்கபடி முன்சொல்லின் கடைசி எழுத்து மாறுகிறது. லத்தீனிலும் அப்படியே.

'ஆட்' என்று ஒரு முன்னொட்டு, ஒன்றை நோக்கி என்று பொருள். இதன் டி தனக்குப் பின்னால் வரும் எழுத்தாகவே மாறிவிடும் குணமுள்ளது. சி வந்தால் சி, பி வந்தால் பி, எஃப் வந்தால் எஃப். 'காம்' என்று இன்னொன்று, சேர்ந்து என்று பொருள். 'மோட்' அளவு. இப்போது மூன்றையும் கோத்துப் பாருங்கள். ஆட்டின் டி, காமின் சி-யைப் பார்த்து சி ஆகிறது: அங்கே இரண்டு சி. காமின் எம் முடிவும் மோட்டின் எம் தொடக்கமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: அங்கே இரண்டு எம். இனி மறக்கவே மறக்காது. ரெகமண்ட் என்பதில் முன்னால் இருப்பது வெறும் ரீ, அதன் முடிவில் சி ஆக மாற ஒரு மெய்யெழுத்தே இல்லை, அதனால் ஒரு சி, காமிலிருந்து வரும் எம்மோடு சேர்த்து இரண்டு எம். டிஸ்அப்பாயின்ட்டில் டிஸ் முடிந்ததும் அப்பாயின்ட் தொடங்குகிறது, எனவே ஒரு எஸ், இரண்டு பி. டிஸ்ஸாட்டிஸ்ஃபைடில் டிஸ்ஸின் எஸ்ஸும் சாட்டிஸ்ஃபைடின் எஸ்ஸும் சேர்ந்து இரண்டு.

இல்லீகலில் இரண்டு எல், இர்ரெகுலரில் இரண்டு ஆர், இம்பாசிபிளில் எம் எல்லாம் இந்தக் கணக்குத்தான். மூன்றிலும் இருப்பது 'இல்லை' என்று சொல்லும் 'இன்'. அடுத்து நிற்கும் எழுத்துக்கு ஏற்ப வேஷம் மாறியிருக்கிறது. முன்னொட்டு நாலைந்து வேஷத்தில் வருகிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள், நமக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கமான சங்கதி.

கேள்வி: 'இன்' என்றால் இல்லை என்று படித்தேன். தேர்வில் இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று எழுதி மதிப்பெண் போயிற்று. வேரை நம்புவதா வேண்டாமா?

உங்களுக்குப் போனது மதிப்பெண்ணோடு போயிற்று, நல்லவேளை. இந்த ஒரு சொல்லில் தப்பாக ஊகித்தால் உயிருக்கே ஆபத்து. லத்தீனில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று இல்லை என்பது. இன்னொன்று உள்ளே, மேலே என்பது, இன்ஸ்பெக்டரில் பார்த்தோமே அது. இன்ஃப்ளேமபிளில் இருப்பது இரண்டாவது: தீக்குள் போகக்கூடியது, சட்டென்று பற்றிக்கொள்வது. பலரும் உங்களைப் போலவே புரிந்துகொள்வார்கள் என்பதால்தான் எச்சரிக்கைச் சீட்டுகளில் இப்போது வெறுமனே ஃப்ளேமபிள் என்று போடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பொருள்.

வேரை நம்பலாம், ஆனால் ஊகமாக மட்டும். இன்னும் சில பொறிகள் சொல்கிறேன். 'பெட்' என்றால் கால்: பெடல், பெடஸ்ட்ரியன். ஆனால் குழந்தை மருத்துவம் பீடியாட்ரிக்ஸ், அதில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல், காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வம்சாவளியைச் சொல்லும் பெடிக்ரீயில் உண்மையிலேயே கால் இருக்கிறது, அதுவும் நாரையின் கால். வம்சப் படத்தில் கிளை பிரித்துப் போடும் கோடு பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கு நாரையின் கால்விரல்கள் மாதிரித் தெரிந்திருக்கிறது. 'மேன்' மாற்றி மாற்றி ஏமாற்றும். மேனுவல், மேனுஸ்கிரிப்ட், மேனேஜ் மூன்றிலும் அது கை. கையால் எழுதியது மேனுஸ்கிரிப்ட், அச்சில் ஏறாத கையெழுத்துப் பிரதி. ஆங்கிலத்தில் ஆளைக் குறிக்கும் மேன் வேறு. 'டெர்' டெரிட்டரியில் நிலம், டெரரில் அச்சம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். வேர் சொல்வது பழைய பொருளை. சொல் அதிலிருந்து வெகுதூரம் நடந்து போயிருக்கலாம். நாற்றம் என்றால் பழந்தமிழில் மணம், பூவின் நாற்றம் என்று மனமார எழுதினார்கள். இன்று ஒருவரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்! எக்ரீஜியஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே கதி. 'எக்ஸ்' வெளியே, 'கிரெக்' மந்தை, மந்தையிலிருந்து தனித்துத் தெரிபவர். ஒரு காலத்தில் இது பாராட்டு. இன்று படுமோசமான தவறைச் சொல்லத்தான் பயன்படுகிறது. வேரை வைத்துப் பாராட்டு என்று நினைத்து யாருக்காவது கடிதம் எழுதிவிடாதீர்கள். ஊகித்த பிறகு அகராதியைப் பார்ப்பது கட்டாயம்.

கேள்வி: கோ, கம், ஹேண்ட், வாட்டர் போன்ற சொற்களை உடைக்கவே முடியவில்லையே?

முடியாது, ஏனென்றால் அவை லத்தீன் அல்ல. ஆங்கிலத்தின் அடித்தளம் ஜெர்மானியக் குடும்பத்துச் சொற்கள். அன்றாடம் அதிகம் புழங்கும் நூறு சொல்லை எடுத்தால் கிட்டத்தட்ட எல்லாமே அந்தப் பழைய சொற்களாக இருக்கும். அகராதியை முழுக்க எண்ணினால் கதை தலைகீழ், பாதிக்கும் மேல் லத்தீனிலிருந்து நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ வந்தவை.

1066-இல் நார்மண்டியின் ட்யூக் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதற்குப் பிறகு நெடுங்காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. பிரெஞ்சு லத்தீனின் பிள்ளை. ட்யூக் என்ற பட்டமே லத்தீனில் முன்னால் நின்று நடத்திச் செல்பவர் என்ற சொல், அதே வேர்தான் கண்டக்டரிலும் இன்ட்ரொட்யூஸிலும் இருக்கிறது. அப்புறம் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் பிரெஞ்சு வழியாகக் காத்திருக்காமல் லத்தீன் நூல்களிலிருந்தே நேராக அள்ளிக்கொண்டார்கள். அதனால் ஒரே லத்தீன் சொல் இரண்டு முறை ஆங்கிலத்துக்குள் வந்ததும் உண்டு. ஃப்ரெயில், ஃப்ராஜைல் இரண்டும் ஒன்றே. முதலாவது பிரெஞ்சு வாயில் புகுந்து தேய்ந்து வந்தது, இரண்டாவது புத்தகத்திலிருந்து அப்படியே வந்தது. போஷன் என்ற மருந்துக் குடிநீரும் பாய்சன் என்ற விஷமும் கூடப் பிறந்தவை, இரண்டுக்கும் மூலம் 'குடிப்பது' என்ற சொல்.

நமக்குக் கண்ணும் உண்டு நேத்திரமும் உண்டு, பூவும் உண்டு புஷ்பமும் உண்டு. அதுபோல் ஆங்கிலத்தில் பொருளுக்கு ஹேண்ட், அதைச் சார்ந்ததற்கு மேனுவல்; டூத், டென்டல்; மூன், லூனார். சின்னச் சொற்களைப் பேசிப் பேசித்தான் கற்க வேண்டும், அங்கே வேர் உதவாது. செய்தித்தாள், பாடநூல், சட்டம், அலுவலகக் கடிதம், அங்கே உதவும்.

கேள்வி: சின்சியர் என்பது 'மெழுகு இல்லாமல்' என்ற லத்தீன் தொடர், சிலை செய்பவர்கள் விரிசலை மெழுகால் மறைக்காமல் விற்றதால் வந்தது என்று படித்தேன். அருமையான கதை இல்லையா?

கதை அருமைதான், உண்மை இல்லை. சின்செருஸ் என்ற லத்தீன் சொல்லுக்குத் தூய்மையான, கலப்பில்லாத என்று பொருள், மெழுகுக் கதைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. சாலரி கதையும் பாதிதான் நிஜம். அந்தச் சொல்லுக்குள் உப்பு இருப்பது உண்மை, ரோமானியப் படைவீரருக்குச் சம்பளத்தை உப்பாகவே அளந்து கொடுத்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஞாபகம் வைக்க உதவுகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மைக் கதைகளே வேண்டிய மட்டும் கிடைக்கும்போது பொய்க் கதை எதற்கு? ரைவலை எடுங்கள். 'ரிவுஸ்' ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இருவர் ஒருவருக்கொருவர் ரைவல். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிறவர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: மருந்துச் சீட்டில் பி.டி., டி.டி.எஸ். என்று எழுதுவதும் லத்தீனா?

ஆம். பி.டி. நாளுக்கு இரண்டு முறை, டி.டி.எஸ். நாளுக்கு மூன்று முறை எடுக்க வேண்டியது. முதலாவதின் 'பிஸ்', இரண்டு முறை என்பது, பிஸ்கட்டிலும் இருக்கிறது, இரண்டு முறை சுட்டது. சீட்டின் தலையில் ஆர் போட்டுக் காலில் ஒரு கோடு இழுப்பார்களே, அது ரெசிப்பே, 'எடுத்துக்கொள்'. சமையல் குறிப்புக்கு ரெசிப்பி என்று பெயர் வந்ததும் அங்கிருந்துதான். ஆனால் சுருக்கெழுத்தை நீங்களாகப் பிரித்துப் பார்த்து மருந்து சாப்பிட வேண்டாம், மருந்து கொடுப்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. இப்போதே சொல்லிக் கொடுக்கலாமா?

பாடமாக வேண்டாம், பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். இந்த வயதுக்கு வேரைவிட முன்னொட்டு நல்லது, ரிட்டர்ன், ரீப்ளே, ரீஃபில் என்று அவள் வாயிலேயே இருக்கும் சொற்களில் 'ரீ' என்ன செய்கிறது என்று அவளையே கேளுங்கள். கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு புதிர் போடலாம். செப்டெம் ஏழு, ஆக்டோ எட்டு, நோவெம் ஒன்பது, டெசெம் பத்து. அப்படியானால் செப்டம்பர் ஏன் ஒன்பதாம் மாதம், டிசம்பர் ஏன் பன்னிரண்டாம் மாதம்? கொஞ்ச நேரம் யோசிக்க விடுங்கள். ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது, பத்து மாதம்தான் பெயரோடு இருந்தது. ஜனவரியும் பிப்ரவரியும் பிறகு சேர்ந்தன. ஜூலையும் ஆகஸ்டும் கூட முதலில் ஐந்தாவது, ஆறாவது என்ற எண் பெயரில்தான் இருந்தன, ஜூலியஸ் சீசருக்காகவும் அகஸ்டஸுக்காகவும் பெயர் மாற்றினார்கள். மார்ச்சை ஒன்று என்று வைத்து அவளையே விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள், செப்டம்பரில் ஏழாவது விரல் வரும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு சொல்லின் வேர் எது என்று நானாக எப்படிக் கண்டுபிடிப்பது?

கொஞ்சம் பெரிய ஆங்கில அகராதியாக வாங்குங்கள். பொருள் எல்லாம் முடிந்த பிறகு, சிலவற்றில் தொடக்கத்திலேயே, சதுர அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் வரி. அதில் தனி எல் என்று இருந்தால் லத்தீன், ஓ.எஃப். என்றால் பழைய பிரெஞ்சு, ஜி.கே. என்றால் கிரேக்கம். எல்லா அகராதியும் ஒரே சுருக்கம் போடாது, முன்பக்கத்தில் விளக்கம் இருக்கும், ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள். டெலிவிஷன் என்ற சொல்லுக்குப் போய்ப் பாருங்கள், முதல் பாதி கிரேக்கம், இரண்டாம் பாதி லத்தீன்.